டீசல் வாகனத்துக்குப் "பவர் பெட்டி" பூட்டலாமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். கடையில் எஞ்சின் கொம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கானர் ஒன்றும் இருப்பதால், மெக்கானிக்மார் கைவிட்ட மின்சாரக் கோளாறுகள் கடைசியில் என்னிடம் வந்து சேரும். கொஞ்ச நாளாகக் கோளாறோடு வருபவர்களை விடப் பெட்டியோடு வருபவர்கள் கூடிவிட்டார்கள். ஒன்லைனில் வாங்கியது, அல்லது கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பியது, உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. இழுவை கூடும், டீசல் மிச்சம் என்று மட்டையில் எழுதியிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி வாய் நொந்துவிட்டது. அதனால் கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டுப் பதிலையும் எழுதி வைக்கிறேன்.

அண்ணை, உந்தப் பெட்டி எண்டா என்ன? உள்ளுக்க என்னதான் செய்யுது?

இப்போதைய டீசல் எஞ்சின்களில் ஒரு பம்ப் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு தடித்த குழாய்க்குள் அடைத்து வைத்திருக்கும். அங்கிருந்துதான், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் டீசல் போகிறது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து எல்லாப் பைப்புக்கும் தண்ணீர் போவதுபோல. இதைத்தான் கொமன் ரெயில் என்கிறார்கள். வித்தியாசம் அழுத்தத்தில்: உங்கள் கார் ரயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம், இந்தக் குழாயில் 1,600 பார், சில எஞ்சின்களில் 2,000 பார் வரை.

குழாயின் நுனியில் ஒரு சென்சர் இருக்கும். மூன்று வயர். அழுத்தம் கூடக் கூட ஏறத்தாழ அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை அது எஞ்சின் கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டி அந்தச் சென்சருக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் குந்திக்கொண்டு பொய் சொல்லும். உள்ளே உண்மையில் 1,000 பார் இருந்தால் "900 தான் இருக்கு" என்று சொல்லும். கொம்பியூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். அழுத்தம் கூடினால், இன்ஜெக்டர் அதே நேரம் திறந்து மூடினாலும் கூடுதல் டீசல் உள்ளே போகும். அவ்வளவுதான் வேலை. விலை கூடிய பெட்டிகள், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் டேர்போவின் அழுத்தச் சென்சரையும் சேர்த்து ஏமாற்றும், அல்லது இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டும். அடிப்படை ஒன்றுதான்.

எங்கட வண்டிக்கும் பூட்டலாமோ?

வன்னியில் ஓடும் டீசல் வாகனங்களில் பெரும்பங்குக்கு இதைக் கொழுவ இடமே கிடையாது. மாசி பேர்கசன் 240 உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர், பழைய டொல்பின் வான், பழைய கன்டர் லொறி எல்லாம் கையால் செட் பண்ணும் பம்ப் உள்ளவை. சென்சரும் இல்லை, ஏமாற்றுவதற்குக் கொம்பியூட்டரும் இல்லை. ஆரம்ப கால டிமோ பட்டாவும் அப்படித்தான்: 702 சீசீ, இரண்டு சிலிண்டர், டேர்போவும் கிடையாது. போன மாரியில் ஒருவர் உழவு மிசினுக்கு என்று பெட்டி வாங்கிக்கொண்டு விசுவமடுவிலிருந்து வந்தார். நான் அதைத் திருப்பிக் கையில் கொடுக்க அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பூட்டக்கூடியவை கொமன் ரெயில் வந்த பிறகான வாகனங்கள்: கே.டி.எச். ஹைஏஸ் வான், ஹைலக்ஸ், பிராடோ, புதிய எல்200, கொமன் ரெயில் எஞ்சினோடு வந்த பொலேரோ போன்றவை. சந்தேகம் என்றால் பொனட்டைத் திறந்து பாருங்கள். பம்பிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனி இரும்புக் குழாய் போனால் பழைய முறை. எல்லாக் குழாயும் ஒரு தடித்த குழாயில் வந்து சேர்ந்தால் கொமன் ரெயில். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் ஊசித் துவாரத்தால் கசியும் டீசலே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே வெட்டி எடுக்க வேண்டிவந்தவர்கள் இருக்கிறார்கள்.

டீசல் மிச்சப்படுமோ? அதைச் சொல்லுங்கோ முதல்.

இல்லை. முதல் பதிலைத் திரும்பப் பாருங்கள்: பெட்டி செய்வது கூடுதல் டீசல் ஊற்றுவது. கூட ஊற்றுகிற சாமான் எப்படி மிச்சம் பிடிக்கும்?

விற்பவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. இழுவை கூடுவதால் கியரை முந்தியே மாற்றலாம், எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும், அதனால் செலவு குறையும் என்பார்கள். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் முந்திக் கியர் மாற்றுவது உங்கள் காலிலும் கையிலும் இருக்கிற பழக்கம். அதற்குப் பெட்டி தேவையில்லை. இன்னொன்றும் கண்டிருக்கிறேன். பெட்டி பூட்டிய கிழமை எல்லோரும் மிச்சம் பார்க்கும் ஆசையில் பூவில் மிதிப்பதுபோல் மிதிப்பார்கள். மூன்றாம் கிழமை பழைய கால் வந்துவிடும், பழைய செலவும் வந்துவிடும்.

அப்ப என்ர மீற்றரில மிச்சம் காட்டுதே? லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் கிட்டக் கூடிட்டுது!

இதுதான் இந்தப் பெட்டியின் மிகப் பெரிய தந்திரம். விற்பவர்களில் பலருக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன்.

டாஷ்போர்டில் தெரியும் அந்தக் கணக்கு டாங்கியில் டீசலை அளந்து வருவதில்லை. "இவ்வளவு அழுத்தத்தில் இவ்வளவு நேரம் இன்ஜெக்டரைத் திறந்தேன், ஆகவே இவ்வளவு டீசல் போயிருக்கும்" என்று எஞ்சின் கொம்பியூட்டர் தானே போடும் கணக்கு அது. பெட்டியோ அழுத்தம் குறைவு என்று கொம்பியூட்டரிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறது. ஒரே வேகத்தில் போக எஞ்சினுக்கு வேண்டிய டீசல் பழைய அளவுதான். ஆனால் கூடுதல் அழுத்தத்தில் அது போய்விடுவதால் நீங்கள் பெடலைக் கொஞ்சம் குறைத்து மிதிப்பீர்கள். கொம்பியூட்டர் "ஓ, குறைவாகத்தான் போகிறது" என்று எழுதிக்கொள்ளும். பொய்க் கணக்கப்பிள்ளை வைத்திருக்கிற கடையில் இலாபம் காட்டுவதுபோல.

நெல் ஆலைக்காரர் ஒருவரின் டபிள் கப் பிக்கப்பில் இதைச் சோதித்தோம். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு அடிக்கடி போய் வருபவர். போக வர 150 கிலோமீற்றருக்குக் குறையாது. பெட்டி இல்லாமல் மூன்று டாங்கி, பெட்டியோடு மூன்று டாங்கி. ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், முதல் கிளிக்கோடு நிறுத்துவது. மீற்றர் லீற்றருக்கு 11.0 கிலோமீற்றரிலிருந்து 11.7 க்கு ஏறியது. ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் பிரித்துப் பார்த்தால் முதலில் 10.8, பிறகு 10.7. அந்த 0.1 ஐ நான் நட்டம் என்றும் சொல்லமாட்டேன். வெயிலும் லோடும் அதை விடக் கூட வித்தியாசம் காட்டும். மிச்சம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஆலைக்காரர் முதலில் பெற்றோல் செட் பம்பில் களவு என்றார். பிறகு யோசித்தார்.

சரி, மிச்சம் வேண்டாம். 30 வீதம் பவர் கூடும் எண்டு மட்டையில போட்டிருக்கு. அது உண்மையோ?

இழுவை கூடும். அது உண்மை, பின் இருக்கைக்கே தெரியும். 30 வீதம் என்பதுதான் கதை.

சின்னக் கணக்கு ஒன்று. துவாரத்தால் போகும் டீசலின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். அழுத்தத்தை 10 வீதம் கூட்டினால் டீசல் கூடுவது 5 வீதம் அளவில். 20 வீதம் கூடுதல் டீசல் வேண்டுமானால் அழுத்தம் 44 வீதம் கூட வேண்டும். 1,600 பாருக்கு அமைந்த குழாயில் அது 2,300 பார். அந்த இடத்துக்குப் போக முன்னமே பாதுகாப்பு வால்வு திறக்கும், அல்லது கொம்பியூட்டர் பிழை போட்டு எஞ்சினை அடக்கிவிடும். 30 வீதத்துக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், நடுச் சுற்றுகளில் குழாய் அதன் உச்ச அழுத்தத்தில் இருக்காது. அங்கே கூட்ட இடம் உண்டு. அதனால்தான் இரண்டாம் மூன்றாம் கியரில் நல்ல உதை தெரிகிறது, முழு மிதியில் ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. நல்ல பெட்டி, நல்ல எஞ்சின் என்றால் நடுச் சுற்றில் உணரக்கூடிய உதவி கிடைக்கும். நான் ஒத்துக்கொள்வது அவ்வளவுதான்.

அவ்வளவு லேசெண்டா கொம்பனிக்காரன் ஏன் தானே கூட்டி விடேல்ல?

நல்ல கேள்வி. சில இடங்களில் கொம்பனிக்காரனே கூட்டித்தான் இருக்கிறான். டொயோட்டாவின் 3.0 லீற்றர் 1கேடி எஞ்சினை எடுங்கள். ஹைலக்ஸில் அதன் இழுவை 343 நியூட்டன் மீற்றர் என்று வந்தது, 2009 க்குப் பிந்திய பிராடோவில் 410. ஆகவே எஞ்சினில் மிச்ச இடம் உண்டு என்பது பொய்யில்லை.

ஆனால் அவர்கள் கூட்டும்போது டீசலோடு காற்றையும், இன்ஜெக்சன் நேரத்தையும், கியர்பொக்ஸையும் பார்த்துக் கூட்டுகிறார்கள். பெட்டி டீசலை மட்டும் கூட்டுகிறது. அந்த மிச்ச இடத்தை விட்டு வைத்ததற்கும் காரணம் உண்டு: தேய்ந்த இன்ஜெக்டர், அடைத்த பில்டர், கூடாத டீசல், கூடின லோடு, வெயில். இந்த ஐந்தும் ஒன்றாக வருகிற ஊர் எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஸ்கானர் பிளக்கில கொழுவுற சின்னச் சாமான் இருக்கே, மலிவு. அது?

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி பிளக்கில் கொழுவி, "150 கிலோமீற்றர் ஓடினால் உங்கள் ஓட்டத்தைப் படித்துத் தானே செட் ஆகும்" என்று சொல்லும் சாமான். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மூன்று சின்ன பல்ப், ஒரு சிப், ஒரு பட்டன். வாகனத்தின் தகவல் வயர்களோடு அது பேசியதாக ஸ்கானரில் ஒரு அடையாளமும் இல்லை. பல்ப் மட்டும் வடிவாக மின்னும். கோயில் திருவிழாவுக்குப் பயன்படும்.

அக்சிலேட்டர் பெடலுக்குப் பூட்டுறதும் அதே சாமானோ?

இல்லை. அது பெடல் சென்சரை ஏமாற்றும். நீங்கள் கால்வாசி மிதித்தால் அரைவாசி மிதித்ததாகச் சொல்லும். வாகனம் துள்ளுவதுபோல இருக்கும், ஆனால் முழுக்க மிதித்தால் கிடைப்பது பழைய பவர்தான். எஞ்சினுக்குப் பெரிய கேடில்லை. காலை அழுத்தி மிதித்தாலே அந்தப் பலன் கிடைக்கும் என்பதால் நான் யாருக்கும் சொல்வதில்லை.

எஞ்சின் பழுதாகுமோ? ஒளிக்காமச் சொல்லுங்கோ.

சுகமான எஞ்சினில், மிதமாகச் செட் பண்ணி, மிதமாக ஓடினால் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் ஓடலாம். நான் பயப்படுவது சூட்டுக்கு. கூடுதல் டீசலுக்குக் கூடுதல் காற்று வேண்டும். பெட்டிகள் அதிகம் செட் ஆகி வருவது குளிர்நாட்டுக் காற்றுக்கு. 15 பாகையில் இருக்கும் காற்றை விட நம்முடைய 37 பாகைக் காற்று ஏறக்குறைய 7 வீதம் ஐதானது. அதே பெட்டி, அதே செட்டிங், ஆனால் காற்றுக் குறைவு. டீசல் முழுதாக எரியாமல் கரியாகும், வெளியே போகும் புகையின் சூடு ஏறும். அந்தச் சூடு பிஸ்டனின் தலையையும் டேர்போவையும் தின்னும்.

"மீற்றரில சூடு ஏறேல்லையே" என்பார்கள். அந்த மீற்றர் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. புகைச் சூட்டைப் பார்க்க வேறு மீற்றர் பூட்ட வேண்டும். தண்ணீர் மீற்றர் நடுவில் நிற்க, பிஸ்டன் வெடித்த வாகனங்களும் உண்டு.

இரண்டாவது, ஏற்கெனவே தேய்ந்திருக்கிற சாமான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 இல்தான் திறந்தது. அதனால் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் இரண்டு லட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியவை. அந்த வயதில் இன்ஜெக்டர் நுனி தேய்ந்து, துளி துளியாக விழத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் அழுத்தத்தையும் கூட்டுவது, மூட்டு வருத்தக்காரருக்கு ஊசி போட்டு நெல் மூட்டை தூக்கவிடுவது மாதிரி.

மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்துதான் ஓடுறன். பெட்டி பூட்டினா அந்த இழுவைக் குறைவைச் சமாளிக்கலாமோ?

யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அந்தக் கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தொழிலின் முதல் பாடம் எனக்கும் அங்கேதான். ஆனால் அந்தக் கார்புரேட்டர் எதையும் பொறுத்துக்கொள்ளும். கொமன் ரெயில் பம்ப் பொறுக்காது. பம்பின் உள் உறுப்புகளுக்கு எண்ணெய் தருவதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி தலைமயிரை விடப் பல மடங்கு சின்னது. தேய்ந்தால் இரும்புத் தூள் குழாய்க்குள் போய், அங்கிருந்து எல்லா இன்ஜெக்டரையும் கெடுக்கும். இந்த நிலையில் அழுத்தத்தையும் கூட்டினால் ஒரு பம்பும் நாலு இன்ஜெக்டரும் கணக்கில் வையுங்கள்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 க்கு ஏறிய பிறகு கலப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்னும் கலப்பவர் யாரும் இருந்தால், முதலில் அதை நிற்பாட்டுங்கள். பெட்டியைப் பிறகு கதைப்போம்.

பூட்டின பிறகு கரும்புகை தள்ளுது. புகைச் சோதனையில விழுமோ?

விழக்கூடும். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முன் செய்யும் புகைச் சோதனையில் டீசல் வாகனத்தை நிற்பாட்டி வைத்து, பெடலை ஒரேயடியாக அடிவரை மிதிக்கச் சொல்லி, அந்தப் புகையின் கறுப்பை அளப்பார்கள். பெட்டி அதிகம் ஊற்றுவதும் அந்த மாதிரி மிதியில்தான். சோதனைக்குப் போகும் காலையில் பெட்டியைக் கழற்றுபவர்கள் பலர். நானே கழற்றிக் கொடுத்திருக்கிறேன், ஒளிக்கவில்லை.

ஆனால் கரும்புகை என்பது சட்டப் பிரச்சினைக்கு முதல் பணப் பிரச்சினை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல் எரியாமல் சைலன்சரால் போகிறது. ஜப்பானிலிருந்து வந்த சில கே.டி.எச். வான்களில் புகைக்கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கும். கரி கூடினால் அது அடைபடும். அதன் விலையைக் கேட்டால் பெட்டியை மறந்துவிடுவீர்கள்.

வழியில நிண்டா என்ன செய்யிறது?

இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ஒரு வான், பெண்வீட்டுக்காரரோடு முல்லைத்தீவுப் பக்கம் கலியாணத்துக்குப் போய்த் திரும்புகிறது. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில், இரவு பத்து மணி, காட்டுக்குள் எஞ்சின் நின்றுவிட்டது. யானை கடக்கிற இடம். டிரைவர் தம்பி எனக்குப் போன் எடுக்கிறார். பின்னால் ஒரு அம்மா முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்வது எனக்கே கேட்கிறது. "தம்பி, பொனட்டைத் திற, பெட்டியைக் கழற்று, பழைய பிளக்கை நேரே சென்சரில குத்து" என்றேன். இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட்.

அடுத்த நாள் பார்த்தால் பெட்டியின் பிளக்கில் பிடிக்கும் காது உடைந்து, உள்ளே செம்புழுதி நிரம்பி, தொடுப்பு ஆடிக்கொண்டிருந்தது. சென்சர் செய்தி விட்டுவிட்டு வந்தால் கொம்பியூட்டர் அழுத்தம் தெரியாமல் எஞ்சினை அடக்கும், அல்லது நிற்பாட்டும். எலி கடித்த வயரும் இதே வேலை செய்யும். நெல் ஏற்றும் வாகனங்களில் எலி சகஜம். ஆகவே பெட்டி பூட்டியவர்கள் எல்லோரும் அதைக் கழற்றிப் பழைய பிளக்கைப் பூட்டுவதைப் பகலில் ஒருமுறை செய்து பழகி வையுங்கள். டோர்ச் ஒன்றும் வாகனத்தில் கிடக்கட்டும்.

நான் மணல் ஏத்துறவன். லோட்டோட ஏத்தத்தில இழுக்குதில்லை. எனக்காவது பூட்டலாம்தானே?

உங்களுக்குத்தான் பூட்டவே கூடாது. நடுச் சுற்றில் பாரத்தோடு நெடுநேரம் மிதித்து நிற்கும்போதுதான், மேலே சொன்ன புகைச் சூடு உச்சத்துக்குப் போகும். வெறும் வாகனத்தில் ஐந்து வினாடி துள்ளுவதும், இரண்டு கியூப் மணலோடு மணல் வழியில் பத்து நிமிடம் உழக்குவதும் ஒன்றல்ல.

அதோடு கிளச். கிளச் தட்டு இத்தனை இழுவை வரைதான் பிடிக்கும் என்று ஒரு எல்லை உண்டு, அது தேயத் தேய இறங்கும். பெட்டி பூட்டி ஒரு மாதத்தில் "கிளச் சறுக்குது அண்ணை" என்று வந்த டிப்பர்காரர்கள் இருக்கிறார்கள். பாதித் தேய்மானத்தில் இருந்ததைப் பெட்டி முடித்து வைத்திருக்கும். இழுக்கவில்லை என்றால் ஏன் இழுக்கவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. பத்தில் ஏழு எட்டு தடவை டேர்போவிலிருந்து, காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு, அல்லது டீசல் பில்டர் அடைப்பு. இதில் பெட்டி பூட்டினால் காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கொட்டுவதாகும்.

அப்ப ரீமப் செய்தா? அது நல்லமெண்டு சொல்லுறாங்கள்.

ரீமப் என்பது கொம்பியூட்டருக்கு உள்ளே இருக்கும் கணக்கையே மாற்றுவது. பொய் சொல்லத் தேவையில்லை. டீசல், காற்று, நேரம், புகை எல்லை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றலாம், டாஷ்போர்டுக் கணக்கும் உண்மைக்குக் கிட்ட நிற்கும். செய்பவர் வேலை தெரிந்தவராக இருந்தால் பெட்டியை விட நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிரச்சினை அந்தச் செய்பவர்தான். வேறு வாகனத்தின் கணக்கை இறக்கி உங்கள் வாகனத்தில் ஏற்றிவிட்டு, "ஸ்டேஜ் வன்" என்று பில் போடுபவர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: பழைய கணக்கைச் சேமித்து என் கையில் தருவீர்களா? மாற்ற முன்னும் பின்னும் ஓடவிட்டு ஸ்கானரில் அளந்து காட்டுவீர்களா? தயங்கினால் திரும்பி வாருங்கள். பெட்டியை இரண்டு நிமிடத்தில் கழற்றலாம், இதைக் கழற்ற அவரிடமே போக வேண்டும்.

காப்புறுதிக்கும் வாரன்ட்டிக்கும் பிரச்சினை வருமோ?

வாரன்ட்டி உள்ள வாகனம் என்றால் தொடவே வேண்டாம். காப்புறுதிப் பத்திரத்தில், வாகனத்தில் செய்த மாற்றங்களை அறிவிக்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று எடுத்து வாசியுங்கள். இருந்தால் அறிவியுங்கள். விபத்து நடந்த பிறகு பெட்டியைக் கழற்றி ஒளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நசுங்கிய பொனட்டைத் திறக்க முடியுமா என்று அவர்கள் யோசிப்பதில்லை.

பாவிச்ச வான் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். முன்னம் பெட்டி பூட்டினதோ எண்டு கண்டுபிடிக்கலாமோ?

ரெயில் குழாயின் நுனிச் சென்சரைப் பாருங்கள். பத்து வருட வாகனத்தில் எல்லாப் பிளக்கும் புழுதி படிந்து கிடக்க, அது மட்டும் துப்புரவாக இருந்தால் யாரோ அடிக்கடி கை வைத்திருக்கிறார்கள். பற்றரிப் பக்கம் வெட்டிய கேபிள் டை, இரட்டைப் பக்க டேப்பின் பசை, வழமையில்லாத வயர் உறை இவையும் அடையாளம். சைலன்சர் நுனியில் விரலை விட்டுத் தடித்த மசி வந்தால் கேள்வி கேளுங்கள். பிறகு இன்ஜெக்டர் திரும்பு டீசல் சோதனை ஒன்று கட்டாயம். நாலு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நாலு போத்தலில் பிடிப்பது. ஒரு போத்தல் மற்றவற்றை விட மளமளவென்று நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் முடிந்த கதை. விலையில் குறையுங்கள், அல்லது விட்டுவிட்டு வாருங்கள்.

அப்ப பெட்டிக்கு வைச்சிருந்த காசை என்ன செய்ய?

டீசல் பில்டரை மாற்றி, அதன் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்குங்கள். காற்றுப் பில்டர்: துணுக்காய், மல்லாவிப் பக்கம் கிரவல் வீதியில் ஓடுபவர்களுக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீற்றர் பொருந்தாது, அரைவாசியில் பாருங்கள். மேலே டிப்பர்காரருக்குச் சொன்ன ரப்பர் குழாய். ரயர்க் காற்று. இன்ஜெக்டர் சோதனை, இப்போதுதான் சொன்னேன். இவ்வளவையும் செய்த பிறகு "இழுவை வந்திட்டுது அண்ணை" என்று பெட்டியைத் திருப்பி விற்றவர்கள் உண்டு.

உண்மையிலேயே டீசல் மிச்சம் வேண்டும் என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஏ9 வீதி வடிவாகக் கிடக்கிறது என்று 100 இல் பறப்பவர் 70 க்கு இறங்கினால் காற்று எதிர்க்கும் பலம் 51 வீதம் குறையும். பொலிஸ்காரருக்குக் கட்டும் காசும் மிச்சம்.

இவ்வளவும் கேட்டிட்டன். எண்டாலும் பூட்டத்தான் போறன்.

சரி, உங்கள் வாகனம், உங்கள் காசு. எஞ்சின் சுகமாக இருக்க வேண்டும், கொமன் ரெயிலாக இருக்க வேண்டும், பாரம் ஏற்றாத வாகனமாக இருக்க வேண்டும். பெட்டி உங்கள் எஞ்சினுக்கென்று செய்த பிளக்கோடு வந்திருக்க வேண்டும். வயரை வெட்டி ஒட்டும் பெட்டி என்றால் நான் தொடமாட்டேன். ஆகக் குறைந்த செட்டிங்கில் பூட்டி, முழு மிதியில் ஸ்கானரைப் பார்ப்பேன். அழுத்தம் தடுமாறினாலோ, கண்ணாடியில் கரும்புகை தெரிந்தாலோ அங்கேயே கழற்றல். பெட்டியை எஞ்சினுக்கு மேல் கட்டமாட்டேன், சூட்டில் கருகும். பற்றரிப் பக்கம், தண்ணீர் படாத உயரத்தில்.

எவ்வளவு எடுப்பீங்கள்?

பூட்ட ஒரு மணி நேர வயரிங் கூலி. ஸ்கானருக்குத் தனி. கழற்ற வந்தால் காசு வேண்டாம், ஆனால் காலையில் எஞ்சின் ஆறின நேரம் வாருங்கள். மத்தியானம் வவுனியாவிலிருந்து ஓடி வந்து அப்படியே பொனட்டைத் திறந்தால் அந்தச் சென்சர் பக்கம் கை வைக்க முடியாது.